மூன்று முறை வெள்ளையடித்த வீடு

எங்கள் அப்பா சிம்மக்கல் பக்கத்தில் ஒரு சந்துக்குள் ஒரே மாதிரி இரண்டு வீடுகளைக் கட்டிவைத்துவிட்டுப் போனார். நடுச்சுவர் ஒன்று, பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. கிழக்கு வீடு அண்ணனுக்கு, மேற்கு வீடு எனக்கு. நாங்கள் குடியிருந்தது வேறு வேறு தெருக்களில். இந்த இரண்டையும் வாடகைக்கு விட்டிருந்தோம். அண்ணன் வீடு ஒரு மாதம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை. என் வீடுதான் கிடக்கும்.

அண்ணன் வீட்டைப் பராமரித்த அழகு எனக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் கரி. ஓடு மாற்றி வருஷக்கணக்கு. மழைக்கு ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் வந்து சொன்னால், "மழை நின்னா ஒழுக்கும் நின்டு போகும் மாப்ள. அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்?" என்பார். வந்தவர் சிரித்துவிட்டுப் போய் ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துக்கொள்வார். அதே வீட்டில் ஐந்து வருஷம் இருப்பார்.

எனக்கு அந்தப் பேச்சு வராது. நூல்கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. எட்டாவது வரை படிப்பு. புது ஆளைக் கண்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வாய் செய்ய முடியாததைக் கை செய்யட்டும் என்று வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டேன். யாராவது காலி செய்தால் மறுநாளே ஓட்டில் ஏறி உடைந்ததை மாற்றுவேன். பாத்திரம் கழுவும் அங்கணத்தைச் செங்கல் தூளால் தேய்ப்பேன். கிணற்றடியில் என் பக்கத்துப் பாசியை மட்டும் சுரண்டிவிட்டு அண்ணன் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியட்டும் என்றுதான்.

யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்கு ஒரு நல்ல குடித்தனம் வந்தது. தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷை பேசும் குடும்பம், ஆறு பேர். அவர் ஜவுளிக்கடையில் இருந்தார். அந்த அம்மாள் வாசலைத் துடைத்துவைத்தால் அதன்மேல் கால்வைக்க மனசு வராது. எனக்கு ஏற்ற ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் பெருமையாக நடந்தேன்.

ஒரு சித்திரைக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். சாமான் ஏற்ற வண்டிகூட வரவில்லை. அண்டா, பெட்டி, பாய் எல்லாம் கைமாற்றிக் கைமாற்றிப் பத்தடி தள்ளியிருந்த அடுத்த வாசலுக்குள் போயின. அண்ணன் வீடு அன்று காலைதான் காலியாகியிருந்தது. அங்கே சுவர்க் கரியைக்கூட யாரும் துடைக்கவில்லை.

சாவியை என் கையில் கொடுத்த அம்மாளிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, முன்னறைச் சுவரில் இருந்த ஆணியைத் தவிர. அரிக்கேன் விளக்கு மாட்ட அடித்தது. சுற்றிலும் காலணா அகலத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அதைப் பிடுங்கி, குழியை அடைத்து, சிப்பிச் சுண்ணாம்பைத் தாழியில் ஊறப்போட்டேன். கஞ்சியும் கொஞ்சம் நீலமும் கலந்து, தாழம் விழுதை நசுக்கிய மட்டையால் வீடு முழுக்க வெள்ளையடித்தேன். கடைவேலை போக மிச்ச நேரத்தில், ஆள் வைக்காமல், நானே.

காய்ந்துகொண்டிருந்தபோது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரலும், அதைத் தொடர்ந்து அவர்கள் எல்லாரும் சிரிப்பதும் கேட்டது. என் வீட்டில் இருந்த ஒரு வருஷத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மறுவாரம் இரண்டாம் தடவை அடித்தேன்.

மூன்றாம் தடவைக்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் நாலு ஆணி. விளக்கு, பை, படம், குடை. நேராகக் கடைக்குப் போய் மறுபடி சுண்ணாம்பு வாங்கிவந்தேன். மருந்துக்கடையில் ஒரு புட்டி பினாயிலும் வாங்கி அங்கணத்திலும் வாசல் சாக்கடையிலும் ஊற்றினேன். அந்தச் சந்தில் அப்படி வெளுத்த வீடு வேறு இருந்திருக்காது. வெயிலில் கண் கூசும்.

வைகாசியில் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். மில்லில் வேலை கிடைத்து வந்தவர்கள். அந்தப் பெண் நடையில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, இம்புட்டு வாடை அடிக்குது?"

"பினாயிலு" என்றேன்.

"முந்தி இருந்தவுக எங்க போனாக?" என்று அவர் கேட்டார்.

பக்கத்து வீட்டைக் காட்டியிருந்தால் தீர்ந்தது. கை வரவில்லை. என் வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்கள் என்று எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவர் சுவரைத் தொட்டார். வெள்ளை விரலில் ஒட்டியது. அதை வேட்டியில் துடைக்கக்கூடத் தயங்கி, கையைத் தள்ளிப் பிடித்தபடியே, "யோசிச்சுச் சொல்றோம் அண்ணே" என்று பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆனியில் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. அவர்களும் அதையே கேட்டார்கள். நானும் அப்படியே நின்றேன். ஆடி பிறந்துவிட்டது, இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாறமாட்டார்கள்.

ஆடியிலும் நான் வாரம் இரண்டு நாள் போய்க் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தண்ணீர் இறைக்கப் போனபோது, அண்ணன் வீட்டுக்கு மாறிப்போன அந்த அம்மாளும் கிணற்றடிக்கு வந்தார். நான் வாளியை வைத்துவிட்டு நகரப் பார்த்தேன்.

"நில்லுங்கண்ணே. எங்களுக்கு எம்புட்டு நாளாச் செத்த கணக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"வீடு பாக்க வந்த ஒரு பொம்பள இந்தக் கிணத்துக் கைப்பிடிச் சுவருக்கு அங்கிட்டு நின்டு கேக்குறா, 'அந்த வீட்டுல வாந்திபேதில எத்தன உசுரு போச்சு?'ன்னு. நாங்கதாம்மா அங்க இருந்தோம், ஆறு பேரும் முழுசா இருக்கோம்னு சொன்னேன். நம்பமாட்டேங்குறா. 'வீட்டுக்காரரே பேச்சு வராமத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரே'ங்குறா!"

திருவிழாக் கூட்டம் கலைந்து ஊருக்குள் வாந்திபேதி நடமாடிய வருஷம் அது. நோய் கண்ட வீட்டில் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து சுண்ணாம்படித்துப் பினாயில் ஊற்றிவிட்டுப் போவது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். பொங்கலுக்கு முன்னால் அடிக்கவேண்டிய வெள்ளையை வைகாசி வெயிலில் மூன்று தடவை அடித்தவனுக்கு அது தோன்றவில்லை.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. "ஏம்மா காலி பண்ணுனீக?"

அவர் கயிற்றை இழுத்துத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார். "அந்த ஆணிதாண்ணே. நீங்க வாய் திறந்து ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட இருந்திருப்போம். மாசாமாசம் வருவீக, ஒண்ணும் சொல்லமாட்டீக. அந்த ஆணியவே பாத்துக்கிட்டு நிப்பீக. நீங்க போன பெறகு இவரு எங்க பாஷையில, 'இன்னைக்கு ஆணி நல்லா இருக்காமா?'ம்பாரு. ஒரு குடை மாட்டணும்னாக்கூடப் பயம். உங்க அண்ணன் வஞ்சாருன்னா வஞ்சதோட சரி, மறந்துடுவாரு."

எனக்கு முகம் சுட்டது. அதிலும் முதலில் உறைத்தது என் தப்பு இல்லை. அண்ணனைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பிரியம்தான்.

"அந்த வீட்டுல ஒரு பத்து நாள் அடுப்பெரியட்டும். சேலை காயட்டும். சுவரு கொஞ்சம் அழுக்காகட்டும். அப்புறம் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டி பானையோடு வந்துவிட்டாள். புளிக்குழம்பு கொதிக்கும் வாசனை பினாயில் வாசனையைத் தின்றது. அடுப்புக்கு மேலே கரி படர்ந்தபோது என் கை துணியைத் தேடியது. அவள் துணியை எடுத்து ஒளித்துவைத்தாள். நாலாம் நாள், முன்னறையில் நானே அடைத்த குழியை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதே இடத்தில் ஒரு ஆணியை அடித்து, என் துண்டை மாட்டினேன்.

பத்து நாள் இருந்துவிட்டு நாங்கள் எங்கள் தெருவுக்கே திரும்பிவிட்டோம். ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் வந்தது. அந்த மனிதர் வாசலில் நின்றபடியே, "உங்க அண்ணன் அனுப்பிவிட்டாரு" என்றார்.

சாவி என் மடியில் இருந்தது. இடம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மூன்று வெள்ளையும் ஒரு புட்டிப் பினாயிலும் செய்யமுடியாததை அண்ணன் எங்கோ டீக்கடை வாசலில் நின்று ஒரு வார்த்தையில் செய்துவிட்டார்.

"என்ன சொல்லி அனுப்புனாரு?" என்று கேட்டேன்.

"'எங்க ரெண்டு வீட்டுல எந்தம்பி வீடுதான் வீடு. என்னோடது மாட்டுக்கொட்டம். ஆனா அவன்ட்டப் பேச்ச எதிர்பாக்காதீக'ன்னாரு."

இந்த வார்த்தையைத்தான் நான் எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்திருந்தேன். அதை அவர் என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார். அதையும் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த சந்தோஷம் முழுசாக இறங்கவில்லை.

சாவியைக் கொடுத்தேன். வந்தவரின் மனைவி முன்னறையைச் சுற்றிப் பார்த்து, "இன்னும் ரெண்டு ஆணி அடிச்சுக்கிறலாமாண்ணே?" என்று கேட்டாள்.

"அடிச்சுக்கங்க" என்றேன்.

உடனே அடித்தார்கள். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் அண்ணன் நின்று அந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்னடா, ஆள் வந்துட்டாகளா?" என்றார். வந்துவிட்டார்கள் என்று தலையாட்டினேன். அவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அந்த அம்மாள் சிரித்தார்.

என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நின்று கேட்டிருக்கலாம். சந்து முனை வரை நடந்த பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.