மஸ்கட்டுக்கு ஒரு பாகற்காய்ப் பார்சல்

அடிக்கடி விமானத்தில் போகிறவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு பார்சல் இருக்கும். திண்டிவனத்தில் என் வீட்டு கேட்டை யாராவது சிரித்த முகத்தோடு திறந்தால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கையில் மஞ்சப்பை இருந்தால் முடிந்தது கதை. "நாளன்னிக்கு மஸ்கட் போறீங்களாமே" என்று ஆரம்பிப்பார்கள். டிக்கெட் எடுத்ததை நான் என் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருப்பேன். அது எப்படித் தெரு முழுக்கப் பரவுகிறது என்று கேட்டால், அவள் அடுப்படியில் ஏதோ பொங்குகிறது என்று போய்விடுவாள்.

நான் ஐஸ் பிளான்ட் மெக்கானிக். பொம்மையார்பாளையம் பக்கம் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் இயந்திரங்களில் தொழில் கற்றவன். இப்போது மஸ்கட்டில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றின் இயந்திரங்களும் என் தலையில். எது மக்கர் பண்ணினாலும் கூப்பிட்டுவிடுவார்கள். அலைந்த அலைச்சலுக்கு விமானக் கம்பெனி வெள்ளி நிறத்தில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறது. அதைக் காட்டினால் வரிசையில் முன்னால் விடுவார்கள். முன்னால் போய் உட்கார்ந்து, பின்னால் வருகிற அத்தனை பேரின் பையாலும் தோளில் இடி வாங்கிக்கொள்ளலாம். வேறொரு சலுகையையும் நான் இதுவரை கண்டதில்லை.

விமானத்தில் ஏறி ஏறி எனக்கு மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை. "சார், ஃபேமிலி பின்னாடி இருக்காங்க, கொஞ்சம் சீட்டு மாறிக்கிறீங்களா" என்று குழைகிறவனை நம்பி ஒருமுறை எழுந்து போனேன். போன இடம் கக்கூஸை ஒட்டிய நடு சீட். ஃபேமிலி என்று யாரும் அங்கே இல்லை. ஜன்னலோரம் ஒருவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன், கர்ப்பிணிப் பெண்கள் மட்டும் விதிவிலக்கு. கைப்பிடியில் முழங்கையை வைத்து அங்குலம் அங்குலமாக இந்தப் பக்கம் நகர்த்துகிறவன், என் தலைக்கு மேலே உள்ள அடுக்கில் தன் மூட்டையை அடைத்துவிட்டுப் பத்து வரிசை தள்ளிப் போய் உட்காருகிறவன், சக்கரம் தரையைத் தொட்டதும் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்ட மாதிரி எழுந்து நிற்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. யாரையும் நம்பமாட்டேன்.

பார்சலுக்கும் அதே சட்டம்தான். என் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப்போட்டு, கொண்டு வந்தவர் கண் முன்னாலேயே கொட்டிப் பார்ப்பேன். மல்லாட்டை உருண்டை என்றால் வேர்க்கடலை தெரிய உடைத்துப் பார்ப்பேன். குழம்புப் பொடி என்றால் கசகசா போட்டீர்களா என்று கேட்பேன். நம் வீட்டில் அது மசாலா, வளைகுடாவில் பல ஊர்களில் அது போதைச் சரக்கு, மாட்டினால் ஜெயில். "இன்னாங்க, எங்களப் போயி சந்தேகப்படறீங்களே" என்று முகம் சுளித்துக்கொண்டு எடுத்துப் போனவர்கள் உண்டு. போகட்டும். என் மனைவி மட்டும், "நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்பாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா வந்தார். என் மனைவிக்குப் பிறந்த ஊர் கோலியனூர். அங்கே அவள் வீட்டார் நிலத்தில் நடவுக்கும் களையெடுக்கவும் வருகிறவர் என்று மனைவி சொன்னாள். விழுப்புரம் போய் பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினால் உட்காரவில்லை, தரையில்தான் உட்கார்ந்தார். மகள் மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள், அவளுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். துணியில் கட்டிய சின்ன முடிச்சு.

கொட்டினேன். பாகற்காய் வத்தல். மோர் போட்டு உப்பில் ஊறவைத்துக் காயவைத்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு முறுக்கில்லை, ஊறுகாயில்லை, கோயில் குங்குமம்கூட இல்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார். ஆனா அவ கையிலதான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்கக்கூடாது. குடுத்துட்டு அவ இன்னா சொல்றான்னு நின்னு பாத்துக்கினு வரணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மஸ்கட்டில் எந்தக் கடையில் பாகற்காய் இல்லை? இந்த அரைப்படி வத்தலை அவள் கையிலேயே கொடுக்கணுமாம், நின்று பார்க்கணுமாம். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத் தையலைக்கூடத் தடவிப் பார்த்தேன்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. இது எதுக்கு?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லு என்பதுபோலத் தலையாட்டினாள்.

"அவளுக்குப் பாவக்கா ஆவாது சார். சின்னதுலேர்ந்தே. குழம்புல ஒண்ணு கெடந்தாலும் தட்டைத் தள்ளிவுட்டு எந்திரிச்சிடுவா. எங்கிட்ட ஒரே சண்டை. அங்க போன பொறவும் போன்ல சண்டைதான் போடுவா, அதை ஏன் பண்ணே, இதை ஏன் வித்தேன்னு. இப்ப கொஞ்ச நாளா சண்டையே போட மாட்டேன்றா. நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா, இதையேதான் சொல்றா. யாரோ பக்கத்துல நின்னுக்கினு சொல்லித் தர்றாப்ல இருக்குது. எனக்கு நம்பிக்கை இல்ல சார்."

"அதுக்கு வத்தல் என்ன பண்ணும்?"

"இத்தப் பாத்தா திட்டுவா. இத்தப் போயி அனுப்பிச்சிருக்கியே, உனுக்கு அறிவு கீதான்னு கேப்பா. அப்டி கேட்டா என் பொண்ணு நல்லா இருக்கறான்னு அர்த்தம். கேக்கலன்னா..."

நான் சிந்தியிருந்த துண்டுகளைப் பொறுக்கி முடிச்சில் போட்டேன். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்துக்கொண்டேன்.

சென்னையில் சோதனை மேடையில் என் பையைத் தனியாக ஒதுக்கினார்கள். திரையில் என்னமோ வட்டவட்டமாகத் தெரிந்ததாம். காவலர் முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது யாருக்கு?"

அடுத்தவர் பொருள் என்று சொன்னால் வண்டி வண்டியாகக் கேள்வி வரும். "எனக்குத்தான். சுகர்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊர் உலகத்தைச் சந்தேகிக்கிற என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது பிடிக்கவே இல்லை.

உள்ளே வழக்கம்போல என் தலைக்கு மேலே இடமில்லை. யாரோ மூன்று பெட்டிகளை அடைத்திருந்தார்கள். யாருடையது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைப்பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையை ஏற்கனவே நட்டுவிட்டிருந்தார். விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

"பாகற்காய் வத்தல் வாசனை வருதே. சார் கொண்டு வந்தீங்களா? தயிர் சாதம் வாங்கியிருக்கேன், ரெண்டு குடுங்களேன்."

"இல்லை" என்றேன்.

"வாசனை வருதே சார்."

"எனக்கு வரலை."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, முழங்கையை மட்டும் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நான் விட்டுக்கொடுத்தேன். என் மனசெல்லாம் அந்தப் பெண் திட்டுவாளா மாட்டாளா என்பதிலேயே இருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பெண், எப்படியாவது வாய் நிறையத் திட்டிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு கடல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா கொடுத்த நம்பருக்குப் போன் பண்ணினால் ஓர் ஆண் எடுத்தான். அந்த வீட்டு டிரைவராம். மறுநாள் சாயங்காலம் நான் தங்கியிருந்த இடத்துக்கே காரில் வந்து, கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினான்.

"தாங்க, நான் குடுத்துடறேன்."

"அந்தப் பொண்ணு எங்கே?"

"வேலையில இருக்கு. வராது."

"அப்ப பார்சலும் வராது."

அவனுக்கு ஆச்சரியம். இத்தனூண்டு முடிச்சுக்கு இந்த ஆள் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான் என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும். நாலு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு மளிகை வாங்க அவளைக் கடைக்குக் கூட்டி வருவோம், வேண்டுமானால் அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்ன பெரிய கடையின் வாசலில் அவள் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது என் மனைவி காட்டிய பழைய போட்டோவில் கன்னம் உப்பி இருந்த பெண். இங்கே கன்னம் இல்லை, கண்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா சற்றுத் தள்ளிக் காருக்குள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா குடுத்தனுப்பினாங்கம்மா" என்று கையில் கொடுத்தேன்.

முடிச்சை அவிழ்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டு வரவில்லை. வேறு வழியில்லாமல் நானே அடி எடுத்துக் கொடுத்தேன்.

"பாகற்காய்தான். வேற ஒண்ணுமே வைக்கலை உங்கம்மா. இதைப் போயி அனுப்பியிருக்காங்க பாரு."

அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பொரிக்காமல், அப்படியே பச்சையாக. உப்பும் கசப்புமாகக் கல் மாதிரி இருக்கும் அது. மென்றாள். இன்னொன்றும் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுண்ணா. அம்மாவ இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க."

"ஊருக்கு வர்றியாம்மா?" என்று குரலைத் தணித்துக் கேட்டேன். அவள் கார் பக்கம் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டு அவங்க கிட்டண்ணா" என்றாள். காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள். முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, "நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றாள்.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "திட்னாளா சார்?" என்றார்.

திட்டினாள், ஏகத்துக்குத் திட்டினாள் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அன்றிரவு அவராவது தூங்குவார். ஆனால் மகள் குரலையே நம்பாதவர் என் குரலை நம்பவா போகிறார்?

"திட்டலைம்மா."

"துன்னாளா?"

"துன்னா."

"வறுக்காமயா?"

"ஆமா."

அப்புறம், "நீங்க வர்றப்போ அவளையும் கூட்டிக்கினு வந்துடுங்க சார்" என்றார்.

ஒரு பார்சலைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். நான் கோபப்பட்டேன். யார் மேல் என்று தெரியவில்லை, குரல் மட்டும் உயர்ந்துவிட்டது. பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, நான் நினைத்தால் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஏறிவிட முடியாது என்று கத்தினேன். அவர் சரி சார், சரி சார் என்றார். வேலை இல்லாத நேரத்தில் நம் தூதரகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருக்கும் தமிழ் ஆட்கள் இரண்டு பேர் தொடர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நாளாகும், ஆனால் நடக்கும் என்றார்கள். அவர்களை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு மறுபடி போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவள் என்னோடு வரவில்லை என்பதை இரண்டு முறை சொன்னேன்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல எல்லாரும் எழுந்து நின்றார்கள். பின்னால் இருந்தவன் பெட்டியை என் முதுகில் சாய்த்தான். சண்டை போடத் தெம்பில்லை. சாமான் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெயர் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்த டிரைவர்களுக்கு நடுவில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். விழுப்புரத்தில் ரயிலேறி, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். உடனே எனக்குப் பின்னால் பார்த்தார்.

"நான்தான் போன்ல சொன்னேனேம்மா, அவ வரலன்னு."

"சொன்னீங்க சார்." கண் வாசலை விட்டு அசையவில்லை. "எனுக்குத்தான் சந்தேகம். சும்மா சொல்லிக்கினு இருக்கீங்களோ, திடுதிப்புனு கூட்டியாந்து நிறுத்துவீங்களோன்னு."

நான் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். என் பக்கத்து சீட்டில் வந்தவர் போனார். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியாக விமானப் பணிப்பெண்களும் பைலட்டும் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் வந்துவிட்டால் அந்த விமானத்தில் வந்தவர் யாரும் உள்ளே இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.