இரண்டு புதுக்காடு

எண்பதுகளில் இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தபால் கந்தோரில் டெலிபோன் போர்டில் வேலை பார்த்தேன். போர்டு நிறையத் துளைகள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு கம்பி. கம்பியின் அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ். துளைக்கு மேல் ஒட்டியிருந்த சீட்டில் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் சனம் கேட்காது. காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை வைத்த இடம் புதுக்காடு. செடி கிழடு தட்டின பிறகும் அது புதுக்காடுதான். எங்கள் போர்டில் அப்படி இரண்டு தோட்டங்கள் இருந்தன. எந்தப் பெயருக்கு எந்தத் துளை, எந்தக் கம்பி என்பதைத் தலைக்குள்தான் வைத்திருந்தோம்.

அந்த இரண்டில் ஒன்றில்தான் என் மூத்த மகள் டீச்சர் வேலைக்குப் போயிருந்தாள்.

விடாத மழை. காலையில் கடைத்தெருவிலிருந்து ஒரு லொறிக்காரர் பேசினார்.

"புதுக்காட்டில மண்ணு சரிஞ்சிருச்சுங்க. இஸ்கூலு பக்கம்."

"எந்தப் புதுக்காடு?" என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

மகளுடைய தோட்டத்துச் சீட்டைப் பார்த்து, போர்டின் முன்னால் கிடந்த செருகுகம்பிகளில் ஒன்றை அந்தத் துளையில் செருகினேன். ஒரு கிளாக்கர் எடுத்தார்.

"ஐயா, புதுக்காடுங்களா?"

"ஆமாங்க, புதுக்காடுதான்."

"மண்ணு சரிஞ்சது..."

"இஸ்கூலு மேலதாங்க. ஆளுங்க தோண்டுறாங்க."

"டீச்சரம்மா?" என்றேன்.

"எந்த டீச்சரம்மா? எங்க இஸ்கூலுக்கு மாஸ்டருதாங்க."

அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் இடி விழுந்து சில துளைகள் கருகியதில் லைன்மேன் கம்பிகளை இடம் மாற்றியிருந்தார். சீட்டுகளை யாரும் மாற்றவில்லை. பெயர் இருந்த இடத்தில் இருந்தது, தோட்டம் வேறு துளைக்குப் போய்விட்டது. சீட்டில்லாமல் உபரியாக இருந்த துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஒன்றில் யாரும் எடுக்கவில்லை. இன்னொன்று ஒரு துரை பங்களா. அதற்கடுத்ததில் மகளின் தோட்டத்துக் கிளாக்கருடைய பழக்கமான குரல் கேட்டது. மண் சரிவைப் பற்றிக் கேட்டேன்.

"இங்க ஒண்ணும் சரியலையே அக்கா. டீச்சரம்மாவக் கூப்பிடவா? மழையில நடக்கவெச்சா என்னைத்தான் திட்டும்."

"கூப்பிடுங்க தம்பி."

அவர் சொன்ன பிறகும் என் மனம் நம்பவில்லை. மகள் மூச்சிரைக்க வந்தாள்.

"என்னம்மா? புள்ளைங்கள வாய்ப்பாடு சொல்லவிட்டு ஓடியாந்தேன். சேலையெல்லாம் சேறு. அப்பாவுக்கு ஏதும்..."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலில் செருகிய துளையின் தகடு விழுந்தது; அங்கிருந்து அழைப்பு. மண் சரிந்த புதுக்காடு. இன்னொரு செருகுகம்பியைச் செருகிக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியக் குடுங்கம்மா. மாஸ்டர எடுத்துட்டோம். மூச்சு இருக்கு."

ஆஸ்பத்திரித் துளைக்கு எட்டும் செருகுகம்பி ஒன்றுதான். அதில் மகள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சின் நடுவிலேயே அதைப் பிடுங்கி ஆஸ்பத்திரித் துளையில் செருகினேன்.