கரி தடவிய கடுதாசி

எங்கள் வாத்தியாருக்குச் சும்மா பாடம் நடத்தத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு அன்றைக்கு அத்தனை பாடு வந்திருக்காது. இப்போது நினைத்தாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

சின்னமனூருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு. எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டுமாம். அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒருத்தனுக்குக் கல்யாணக் கடுதாசி. மூலைக்கு மூலை மஞ்சள் தடவ வேண்டும். இன்னொருத்திக்கு வாய்க்கால் தண்ணீர் கேட்டு மனு. எனக்கு வந்தது இழவுக் கடுதாசி. யாரைச் சாகடிப்பது? வாத்தியார் வீட்டுச் சேவலைச் சாகடித்தேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அசலாக இருக்கட்டும் என்று மூலையில் அடுப்புக்கரி தடவச் சொன்னதும் அவர்தான்.

"வீட்டுல கொண்டுபோய்க் குடுங்க. வாங்குறவுக மொகம் எப்படி மாறுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லணும்" என்றார்.

என்னைப் பெற்ற அய்யா அப்போது மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலைக்கு இருந்தார். மலைக்காய்ச்சல் என்று சொல்லியனுப்பியதோடு சரி, பிறகு தகவலே இல்லை. ஆத்தா நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நீட்டினேன். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கரி தெரியும். இழவுக் கடுதாசியை வீட்டில் வைக்கக்கூடாதென்று, சேற்றுக் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். தெருவே கூடிவிட்டது. "சேவல் ஆத்தா, வாத்தியார் வீட்டுச் சேவல்!" என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

சேதி தெரிந்து வாத்தியார், பாவம், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என் தப்புதாம்மா. இந்தா, உசுரோடதான் இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். ஆத்தா எழுந்து மூக்கைச் சிந்தினாள்.

"இருக்கதெல்லாம் அழுது தீத்துட்டேன் சாமி. இனி நெசமாவே வந்தாலும் அழத் தெம்பில்ல."

"வாயக் கழுவுடி" என்று அதட்டினாள் சின்னம்மா. ஆத்தா போய் உலை வைத்தாள்.

அந்த நாற்று கதிராகும் முன்னே நிஜக் கடுதாசி வந்தது, கரியோடு. நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அய்யா பேர். ஆத்தா வாங்கிக் கிழித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சின்னம்மா கட்டிக்கொண்டு கதறியபோதும் அவளிடமிருந்து சத்தமே இல்லை.

வாத்தியார் சொல்லியிருந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆத்தாவுக்கு அய்யா மேல் பிரியமே இல்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.