எண் இல்லாத எழுத்து

போன கிழமை பக்கத்துக் கடைக்காரர் என் அச்சகத்துக்கு வந்தார். கொரியாக்காரர், பாலும் பாணும் விற்கிற டெப்பனர் கடை வைத்திருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். மறுநாள் சேர்ச்சில் கொடுக்க நினைவு அட்டை வேண்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அகதியாய் வந்திறங்கி நாலு குளிர்காலம் முடியமுன் மொன்றியலில் சொந்த அச்சகம் போட்ட தமிழன் யார்? விடுங்கள், உங்களுக்கே தெரியும்.

சேர்ச்சில் கம்பியூட்டர் அடிக்கிற பெண்ணும் கூட வந்திருந்தார். அவர் அச்செடுத்து வந்த தாளில், இறந்தவரின் பெயரில் கடைசி எழுத்து பிழை.

ஏன்? எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன். இரண்டு மூன்று சின்னக் குறிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கினால் ஒரு கொரிய எழுத்து. பத்தாயிரத்துக்கு மேல் அடுக்கலாமாம். சேர்ச்சுக் கம்பியூட்டரோ அடுக்காது. அடிக்கடி வருகிற இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகளுக்கு மட்டும் ஆளுக்கோர் எண் கொடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். எண் இல்லாத எழுத்து… பிறக்கவே இல்லை.

அந்த அம்மாவின் பெயரில் கடைசி எழுத்துக்கு எண் இல்லை.

"கிட்டத்தட்ட அதே சத்தம்தானே ஐயா, இதையே போடுவமே?" என்றார் அந்தப் பெண்.

நானும் வாயை வைத்தேன். "அண்ணை, அகதியெண்டு பதியேக்கை என்ரை பேரை அரைவாசியா வெட்டினவங்கள். நான் என்ன செத்தா போனன்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

கடைக்காரர் கோபிக்கவில்லை. "உங்களைப் பிழையாக் கூப்பிட்டா நீங்கள் திருத்துவியள். அவளுக்கு இனி ஆர் திருத்துறது?"

(நாங்கள் பேசின இங்கிலிஷை அப்படியே போட்டால் பத்திரிகை ஆசிரியர் அழுவார். அதனால் தமிழில்.)

பிளேட்டுக் கத்தியை எடுத்தேன். வெட்டி ஒட்டுவது எங்கள் அன்றாட வேலை. இந்த எழுத்தின் தலை, அந்த எழுத்தின் உடம்பு என்று அவர் விரலால் காட்டினார். வெட்டினேன், ஒட்டினேன், பெருமையாக நீட்டினேன்.

"தலை பெரிசு," என்றார்.

உண்மைதான். பக்கத்தில் இன்னொரு குறி வந்தால் ஒதுங்கி, மெலிந்து இடம் விடவேண்டுமாம். தலையை மட்டும் ஃபொட்டோகொப்பி மெஷினில் சின்னதாக்கி ஒட்டினேன். சரிவரவில்லை. இன்னும் சின்னதாக்கினேன்.

இந்தமுறை அவர் தாளைக் கையில் வாங்கினார். பெயரை மட்டும் வாய்விட்டு வாசித்தார், கூப்பிடுகிற மாதிரி.

அடுத்த நாள் சேர்ச்சில் கடைசி வரிசை வாங்கில் இருந்து பார்த்தேன். எல்லோர் கையிலும் அட்டை. அந்த எழுத்தில் ஒருவர் கண்ணும் தடக்கி நிற்கவில்லை.

என் வேலையை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்!