பத்தாயிரம் சுற்று, பதினோரு செகண்டு

எகிப்தின் மன்சூராவில் லுத்ஃபியைப் போலப் பின்னோக்கி நடக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கல்யாணப் பெண்களுக்கு முன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கியே நடந்திருக்கிறார். படிக்கட்டு, கம்பளம், தரையில் கிடக்கும் ஒயர், குறுக்கே ஓடும் குழந்தைகள் என்று எதிலும் இடறியதில்லை. நேராக நடந்தபோதுதான் இரண்டு முறை சைக்கிளில் அடிபட்டார்.

வியாழக்கிழமை கல்யாணம் எடுப்பார். வெள்ளி முதல் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவார். ஏழாம் நாள் பெண்ணின் தாய் வாத்து, புறா, நெய் ரொட்டி எல்லாம் கூடையில் கட்டிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவாள் அல்லவா, அந்தக் கூடையில் கல்யாண சிடியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் அந்த அம்மாளுக்கு முகம் இருக்காது, அடுத்த நாள் லுத்ஃபிக்கும் இருக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தல்காவில் கடை வைத்திருந்த சப்ரி, இதே வேலைக்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்வான். அவனுக்கு வெட்கம் என்பது கிடையாது, அதனால் நிம்மதியாக இருந்தான்.

2005ஆம் வருடம் லுத்ஃபி கெய்ரோவுக்குப் போய் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை சுற்றுகிறவை. விற்றவன் பெயர் முஹ்சின். விவசாயம் படித்தவன்தான், ஆனால் கம்ப்யூட்டர் விற்பதால் எல்லோரும் அவனை இன்ஜினியர் என்றே கூப்பிட்டார்கள். அவன் லுத்ஃபியை, தொழில் தெரிந்தவர் என்ற மரியாதையில், உஸ்தா என்பான்.

"ரெண்டையும் ஸ்ட்ரைப்ல போட்டுத் தரேன் உஸ்தா. அதாவது, ஒரே கடுதாசிய ரெண்டு குமாஸ்தா சேந்து எழுதுற மாதிரி. முதல் வரி இவன், ரெண்டாவது வரி அவன். பாதி நேரத்துல முடிஞ்சிடும்."

"பிரமாதம்."

"ஒண்ணு போச்சுன்னா ரெண்டும் போச்சு. அதையும் சொல்லிடறேன்."

"சரி சரி," என்றார் லுத்ஃபி. நாளைக்கு வருகிறேன் என்று பிளம்பர் சொல்வதை எப்படிக் காதில் வாங்குவோமோ, அப்படி வாங்கிக்கொண்டார்.

டிஸ்க்குகள் சத்தம் போட்டன. கடைக்குள் ஒரு டாக்ஸி இன்ஜினை அணைக்காமல் நிற்பது மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் சட்டென்று விழித்தது. புரோகிராம் சட்டென்று திறந்தது. லுத்ஃபி மகிழ்ந்து போனார், ஒரு கல்யாணத்தை ஏற்ற உட்கார்ந்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது, ஏனென்றால் கேசட் அது ஓடுகிற வேகத்தில்தான் ஓடும். ஏற்றி, வெட்டி, பாட்டுப் போட்டு, பெண்ணைச் சுற்றி இதயம் பறக்கவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கிற ரெண்டர் கொடுத்தார். முன்பு ஒன்பது மணி நேரம் ஆனது. இப்போது எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். ரெண்டர் என்பது கம்ப்யூட்டரின் மூளை செய்கிற வேலையாம், டிஸ்க் சும்மா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்குமாம்.

இதை லுத்ஃபி யாரிடமும் சொல்லவில்லை. காப்பிக் கடையில் கேட்டவர்களிடம், "வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போவுது, பாதி நேரம்தான்," என்றார். வீட்டிலும் அதையே சொன்னார். அவர் மனைவி இன்ஷிராஹ் முலூகியா கீரையை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்போ இனிமே பாதி நேரம் வீட்டுல இருப்பீங்களா?" லுத்ஃபி ரேடியோவைத் திருகினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிஜமாகவே சௌகரியம் வந்தது. பழைய டிஸ்க்கில் ஒரு கல்யாணம் முழுசாகக் கொள்ளாது. பாதி பாதியாக ஏற்ற வேண்டும், படம் முடிகிறவரை கேசட்டுகளை வைத்திருக்க வேண்டும். இப்போது மூன்று கல்யாணம் உள்ளே படுத்துக் கிடந்தன. அதனால் வெள்ளிக்கிழமை ஏற்றி முடித்த கேசட்டுகளையே அடுத்த வியாழக்கிழமைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போனார். கல்யாணத்தின் மேல் கல்யாணம் பதிந்தது. டிஸ்க்கில்தான் இருக்கிறதே என்ற தைரியம்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் அவருடைய ஒரே மகள் ரிஹாபுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஹாஸிமுக்கு சவூதியில் ஜுபைலில் வேலை. பத்து நாள் லீவில் வந்திருந்தான், போகும்போது பெண்ணையும் கூட்டிப் போவான். ஆற்றங்கரை கிளப்பில் கீழ் ஹாலைப் பிடித்திருந்தார்கள். பக்கத்து ஹாலில் அன்றைக்கே வேறொரு கல்யாணம், அதற்குப் படம் எடுக்க வந்திருந்தவன் தல்கா சப்ரி. இரண்டு ஊர்வலமும், இரண்டு மேளக் கூட்டமும், ஒரே படிக்கட்டில் ஒரே நேரத்தில் இறங்கின. லுத்ஃபியின் தோள் சப்ரியின் கேமராவில் இடித்தது. இருவரும் மேளத்துக்கு மேலாகக் கத்திக்கொண்டார்கள். மகள் கல்யாணத்திலும் தொழில் சண்டையா என்று சொந்தக்காரர்கள் ரசித்தார்கள்.

லுத்ஃபி கையில் அன்றைக்குக் கேமரா இல்லை. உதவிக் கேமராமேன் ஃபரக்கிடம் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் தான் எடுக்காத, தானே உள்ளே தெரியப்போகிற முதல் படம் என்று, அதற்காகக் கோட் கூடத் தைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கல்யாணத்தையும் டிஸ்க்கில் ஏற்றினார். அடுத்த வியாழக்கிழமை கேசட்டுகள் வேறொரு பெண்ணின் கல்யாணத்துக்குப் போயின. ரிஹாபும் ஜுபைலுக்குப் போனாள். காசு கொடுத்தவர்களின் படம் முதலில், வீட்டுப் படம் நிதானமாக, பிரமாதமாகச் செய்யலாம் என்று லுத்ஃபி தள்ளிப் போட்டார். இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். இன்ஷிராஹ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பாள். மகள் படுத்த கட்டிலில் மடித்த துணியை வைத்துவிட்டு, திரும்ப எடுத்து வேறு இடத்தில் வைப்பாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு, இரண்டு டிஸ்க்கில் ஒன்று டிக், டிக் என்றது. பிறகு சும்மா இருந்தது.

லுத்ஃபி இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு கெய்ரோவுக்குப் பஸ் ஏறினார். முஹ்சின் ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே தட்டில் வட்டமாகச் சுரண்டல் விழுந்திருந்தது.

"இது முடிஞ்சுது உஸ்தா. அல்லாஹ் உங்களுக்கு வேற நல்லதா குடுக்கட்டும். ஆனா இன்னொண்ணு கல்லு மாதிரி நல்லா இருக்கு."

"அதுல பாதிக் கல்யாணம் இருக்குமா?"

"ஒவ்வொரு படத்துலயும் பாதி இருக்கு. ஒரு வரி விட்டு ஒரு வரி. அது படிக்கிறதுக்கு ஆகாது."

"பாதிக் கல்யாணம் போதும் இன்ஜினியர். முதல் பாதி இல்லாட்டி ரெண்டாவது பாதி."

"அப்படி வராதே," என்றான் முஹ்சின். அவனுக்கே கஷ்டமாக இருந்தது. டீ வரவழைத்தான், லுத்ஃபி குடிக்கவில்லை.

வாடிக்கைக்காரர்களின் படம் எல்லாம் கொடுத்து முடித்திருந்தார். அந்த டிஸ்க்கில் மிச்சம் இருந்தது ரிஹாபின் கல்யாணம் மட்டும்தான். திரும்பி வரும் பஸ்ஸில் லுத்ஃபி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சு உரித்து ஒரு பாதியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. இன்ஷிராஹ் கேட்டபோது, "ரெண்டர் போட்டிருக்கேன். எண்பத்தேழு சதவீதம் ஆயிருக்கு," என்றார். அடுத்த வாரமும் எண்பத்தேழு. ஜனவரியிலும் எண்பத்தேழு. வேறு எண் சொன்னால் அது நூறை நோக்கிப் போய்விடுமே என்று பயம்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டாள்: "ஏங்க ரிஹாப் அப்பா, அந்த ரெண்டு டிஸ்க்கும் பத்தாயிரம் சுத்து சுத்துதுன்னு ஊர் பூரா சொன்னீங்களே?"

"ஆமா."

"எதைச் சுத்திட்டு இருக்கு?"

லுத்ஃபி ரொட்டியைப் பிய்த்து ஃபூல் பயறு மசியலில் தோய்த்தார். சாப்பிடவில்லை. அந்த நேரத்தில்தான் படிக்கட்டு ஞாபகம் வந்தது, தோளில் இடித்த கேமரா ஞாபகம் வந்தது. எதிரியின் கேமரா.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை பாலத்தை நடந்தே கடந்து தல்காவுக்குப் போனார். சப்ரி கடை வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். உள்ளே அவனுடைய ஒற்றை டிஸ்க் எதையோ மெதுவாக அரைத்துக்கொண்டிருந்தது.

"வா உஸ்தா. மன்சூராவுல வேகம் தாங்கலன்னு இந்தப் பக்கம் வந்துட்டியா?"

"அன்னிக்கு கிளப்புல எடுத்தியே, அந்தக் கேசட் இருக்கா?"

"நான் எதையும் அழிக்கிறதில்ல. கல்யாணம் முறிஞ்சா கூட ஜனங்க வந்து கேக்குறாங்க, யாரு யாரு வந்தாங்கன்னு பாக்கணும்கறாங்க." சப்ரி உள்ளே போய், செருப்புப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தான். கேசட்டின் மேல் யாரோ ஒரு பெண்ணின் பெயரும், அதற்குக் கீழே 'லுத்ஃபி கெடுத்த இடம்' என்றும் எழுதியிருந்தது. "இந்த எடத்த வெட்டிட்டுத்தான் படம் குடுத்தேன். உன் முதுகு முழுசா விழுந்திருக்கு. இது எதுக்கு உனக்கு?"

லுத்ஃபி சொன்னார். நின்றுகொண்டே, ஒன்று விடாமல், கேசட்டை அழித்ததையும் எண்பத்தேழு சதவீதத்தையும் சேர்த்துச் சொன்னார். சப்ரி சிரிப்பதற்குத் தயாராகத்தான் இருந்தான். பாதியில் எழுந்து தன் நாற்காலியை லுத்ஃபிக்குக் கொடுத்தான்.

டிவியில் போட்டுப் பார்த்தார்கள். முதலில் அந்தப் பெண், அந்த மேளம். பிறகு கறுப்புக் கோட் போட்ட ஒரு முதுகு திரையை மறைத்தது. அந்த முதுகு படிக்கட்டில் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் மார்புக்கு நேராகத் தூக்கி, இல்லாத கேமராவைப் பிடித்திருந்தன. முதுகு விலகியதும் மேல் படியில் ரிஹாப். அப்பாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேளத்தில் சத்தம் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்தால் புரிகிறது: அப்பா, கேமரா இல்ல, திரும்புங்க. அதோடு சப்ரி தன் பெண்ணின் பக்கம் கேமராவைத் திருப்பிவிட்டான்.

"எத்தனை செகண்டு?" என்றார் லுத்ஃபி.

"பதினொண்ணு."

அதற்குப் பிறகு நடந்தது லுத்ஃபிக்குத் தெரியும். அவர் திரும்பி, இரண்டு படி ஏறி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் நடப்பதுபோல நேராக இறங்கினார். அது ஃபரக் எடுத்ததில் இருந்தது. இப்போது எதிலும் இல்லை.

சப்ரி பதினோரு செகண்டையும் ஒரு சிடியில் போட்டான். அவனுடைய கம்ப்யூட்டருக்கு அதற்கே இருபது நிமிடம் ஆனது. காத்திருக்கும்போது கேட்டான்: "உண்மையச் சொல்லு. நானும் அந்த மாதிரி ரெண்டு வாங்கலாம்னு பாக்குறேன். வாங்கலாமா?"

வெண்ணெய் என்று சொல்லிவிட்டால் போதும், சப்ரி அடுத்த வாரமே கெய்ரோவில் நிற்பான்.

"முன்னாடி எல்லாம் சுவிட்சப் போட்டா கம்ப்யூட்டர் வர்றதுக்குள்ள ஒரு கிளாஸ் டீ குடிச்சிடுவேன்," என்றார். "இப்போ சர்க்கரை கலக்குறதுக்குள்ள வந்துடும். அவ்வளவுதான் மிச்சம். ரெண்டர்ல எட்டு நிமிஷம். நீ ரெண்டாவதா ஒரு டிஸ்க் வாங்கு, சோம்பேறி டிஸ்க்கா இருந்தாலும் பரவால்ல. முதல்ல இருக்குறத அப்படியே காப்பி எடுத்து வச்சிட்டு, சும்மா கெடக்கட்டும்."

"பாதி நேரம்னு சொன்னியே ஊர் பூரா."

"சொன்னேன்."

சப்ரி செருப்புப் பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், லுத்ஃபி சிடியைப் போட்டார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதான் இருக்கு," என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார்.

"தெரியும்," என்றாள் இன்ஷிராஹ். "ஃபரக் பொண்டாட்டி அப்பவே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் கேட்டுட்டே இருந்த?"

"எண்பத்தேழுலயே நிக்குதேன்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு தடவையாவது எண்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கலாம்." அவள் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "போடுங்க."

பதினோரு செகண்டைப் பதினான்கு தடவை பார்த்தார்கள். சாப்பாடு ஆறிவிட்டது. பிறகு அவள் ஜுபைலுக்குப் போன் போட்டாள்.

"ரிஹாபு, படம் வந்துருச்சும்மா... ஆமா, இன்னிக்குத்தான். பதினோரு செகண்டுல முடிஞ்சிடுது. உங்கப்பா மிஷினு அவ்வளவு வேகம்."

மகள் ஏதோ கேட்டாள்.

"நீ சிரிக்கிற. அவரு வழக்கம்போல பின்னால நடக்குறாரு." மறுபடி கேட்டுக்கொண்டாள். லுத்ஃபியை ஒரு தடவை பார்த்தாள். "இல்லம்மா, திரும்பி வந்து கையப் புடிச்சது அதுல வரல. அது பாதி உங்கிட்ட இருக்கு, பாதி உங்கப்பாகிட்ட இருக்கு. ரெண்டு பேரும் உடம்பப் பாத்துக்குங்க."