கவிநிலா கேட்டு வாங்கிய வேலை

கவிநிலாவுக்குக் கூச்சம் கொஞ்சம் குறைச்சல். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் அவள் தெருவில் உண்டு. நான் சொல்ல மாட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருந்தால் அவள் படிப்பு முதல் பருவத்தோடு முடிந்திருக்கும்.

தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் வீடு. அப்பா கலியமூர்த்தி நிலத்தையும் பார்ப்பார், டவுனில் பெயின்ட் வேலைக்கும் போவார். கல்லூரியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்: "ஃபீஸ் கட்டிட்டேன். மத்த செலவ நீயே பாத்துக்க. தீபாவளி வரைக்கும் பாரு. முடியலன்னா கம்பெனி வேலைக்குப் போயிடு. உன் வயசுப் பொண்ணுங்க போவுதுங்கல்ல?"

கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அலைந்தாள். ஆய்வகத்தில், மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்றார்கள். அலுவலகத்தில் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். கேன்டீன்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளோ கேள்வியையே மாற்றிவிட்டாள். "வேலை இருக்கா?" என்பதை விட்டுவிட்டு, "செய்ய ஆளில்லாம எதுனா வேலை கெடக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தாள். இந்த யோசனை எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்?

நூலகர் மேனகா சிரித்துவிட்டு மூலையைக் காட்டினார். அங்கே ஆறு மூட்டை பிரெஞ்சுப் புத்தகங்கள். வீட்டை விற்ற ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனவை, மூன்று வருஷமாகப் பிரிக்கவே இல்லை. "ஒரு வாரம் டைம். தொடச்சு அலமாரில அடுக்கு. நல்லா இருந்தா சாயங்கால வேலைக்கு உன் பேர எழுதுறேன்."

வகுப்பு முடிந்ததும் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். எல்லாம் துணி அட்டை போட்ட மெல்லிய புத்தகங்கள். அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை, முதுகில் மட்டும் பெயர். பக்கத்து அலமாரியில் இங்கிலீஷ் புத்தகங்கள் எப்படி நின்றனவோ அதே மாதிரி, பெயர் மேலிருந்து கீழே இறங்கும்படி எல்லாவற்றையும் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை மேனகா வந்து பார்த்துவிட்டு, "சூப்பரா அடுக்கியிருக்கம்மா. திங்கக்கெழம வேலை ஃபாரத்துல ஒட்ட போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வா" என்றார். கவிநிலாவுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

பையை எடுக்கப் போனவள், ஆசைக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே படத்தில் ஒரு கலங்கரை விளக்கம் தலைகீழாகத் தொங்கியது. அடுத்ததைப் பிரித்தாள், அதுவும் அப்படியே. பிரெஞ்சுக்காரர்கள் முதுகில் பெயரைக் கீழிருந்து மேலே ஏற்றி எழுதுகிறவர்கள். அது தெரியாமல் ஒரு அலமாரியையே சிரசாசனம் செய்ய வைத்திருந்தாள்.

மேனகாவுக்கும் பிரெஞ்சு தெரியாது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் வேலை அவளுடையது. சொன்னால், அடுக்கக்கூடத் தெரியாத பெண் என்று பேர் வரும். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"மேடம், அத்தனையும் தலகீழா வச்சிட்டேன்" என்றாள்.

மேனகா எழுந்து வந்து நாலைந்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "நானே கவனிக்கலையே. பேசாம போயிருந்தா யாருக்குத் தெரியப் போவுது? மூணு வருஷமா இத ஒருத்தரும் தொட்டதில்ல."

"மூட்டைல கெடந்துச்சு, அதான் யாரும் தொடல மேடம். இப்பதான் அலமாரிக்கு வந்துடுச்சே, இனிமே எடுப்பாங்க."

சொல்லிக்கொண்டே மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தாள். மேனகா நூலகச் சாவிக்கொத்தை அவள் பைமேல் வைத்தார்.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. முடிச்சிட்டு நீயே பூட்டிக்க. திங்கக்கெழம வந்து தொறக்கப்போறதும் நீதான்."