தனக்குத் தானே விற்ற சலவை இயந்திரம்

எங்கள் தெருச் சலவைக்கடைக்காரரை எல்லாரும் 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

பத்து வருடத்துக்கு முன் கடைக்கு ஒரு பெரிய சலவை இயந்திரம் வாங்கினார். வருடாவருடம் அது தேய்ந்ததாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார் ஆடிட்டர். முழுக்கத் தொழிலுக்கே பயன்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான், கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் மனைவிக்கு அதில் ஒரு கைக்குட்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. ஊரார் படுக்கை விரிப்பெல்லாம் கீழே நுரையில் புரள, அந்த அம்மாள் மாடியில் வாளியோடு மல்லுக்கட்டினார். ஒருமுறை ரூல்ஸின் சொந்தக் காலுறை உள்ளே விழுந்துவிட்டது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அதை வெளியே எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

போன மாதம், இனி இஸ்திரி மட்டும் போதும் என்று முடிவெடுத்து, இயந்திரத்தை ஒரு விடுதிக்காரருக்கு எண்பதாயிரத்துக்குப் பேசி வைத்தார். ஆடிட்டர் வந்து கணக்கைப் புரட்டினார். தேய்ந்து தேய்ந்து ஏட்டில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆகவே வரும் பணம் மொத்தமும் லாபம், மொத்தத்துக்கும் வரி. நாலு பேர் தள்ளினாலும் நகராத ஒன்று பக்கத்திலேயே நிற்பதை ஏடு ஒப்புக்கொள்ளவில்லை.

ரூல்ஸ் முகம் தொங்கிவிட்டது. தேநீர் கொண்டுவந்த மனைவிதான் கேட்டார்.

"விக்காம வீட்டுக்கே வச்சுக்கிட்டா வரி இல்லையே தம்பி?"

"அதுவும் உங்களுக்கு நீங்களே மார்க்கெட் விலைக்கு வித்த மாதிரிதான்க்கா. அதே வரி."

"அதைவிடக் கூடக் கெடையாதே?"

"கெடையாது."

"அப்ப வீட்டுக்கே இருக்கட்டும்."

கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டச் சொல்கிறாயா என்று ரூல்ஸ் குதித்தார். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. தோல் உரிந்து வெடித்த பத்து விரலையும் கணக்கு ஏட்டின் மேல் விரித்து வைத்தார்.

"இது தேஞ்சதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

ஆடிட்டர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு வரிக்கழிவு இல்லக்கா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ரூல்ஸ் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விடுதிக்காரருக்குப் போன் செய்து, வேறு ஆள் முந்திக்கொண்டார் என்றார்.

அதன்பின் முறைப்படி விற்பனைப் பத்திரம் எழுத உட்கார்ந்தார். வாங்குபவர் என்ற முறையில் எழுந்துபோய் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, கதவில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, விலை குறைக்கச் சொன்னார். விற்பவர் என்ற முறையில் கறாராக மறுத்தார். சாயங்காலம் வரை படியவில்லை. அதற்குள் மனைவி வீட்டுத் திரைச்சீலை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் உள்ளே திணித்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நிதானமாப் பேசி முடிங்க. மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க."

வாங்குபவரும் விற்பவரும் வெற்று மார்போடு கையெழுத்திட்டார்கள்.